படம் பார்த்ததும் மணி தெரிகிறதா?

இயற்கைக் காட்சி ஓவியத்துக்கு வெளிச்சமே உயிர்

மலையை வரைந்தால் இயற்கைக் காட்சி ஆகிவிடுமா? ஆற்றை வரைந்தால் ஆகிவிடுமா? ஆகாது!

மலையும் ஆறும் தேசப்படத்திலும் இருக்கின்றன. தேசப்படத்தைப் பார்த்து யாரும் மனம் உருகுவது இல்லை.

இயற்கைக் காட்சி ஓவியத்துக்கு உயிர் கொடுப்பது வேறு ஒன்று. அதுதான் வெளிச்சம்.

எந்த இடம் என்று ஒரு படம் சொல்லாமல் போகலாம். பரவாயில்லை. எந்த நேரம் என்று அது சொல்லியே ஆக வேண்டும். காலையா, உச்சி வெயிலா, மழைக்கு முன்பா, விளக்கு வைக்கும் வேளையா? அது தெரிந்தால்தான் படத்துக்குள் ஒரு மனம் தெரியும்.

இதற்குச் சாட்சி வேண்டுமா? பிரெஞ்சு நாட்டில் ஒரு வயலில் நின்ற கோதுமைப் போர்தான் சாட்சி!

700 கோடி ரூபாய்!

2019-ம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவில் நியூயார்க் நகரில் ஒரு படம் ஏலத்துக்கு வந்தது. அது 11 கோடியே 7 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. இந்திய நாணயத்தில் 700 கோடி ரூபாய்க்கும் மேல்!

படத்தில் என்ன இருந்தது? அரண்மனையா? ராஜகுமாரியா? இரண்டும் இல்லை. அறுவடை முடிந்த வயலில் குவித்து வைத்த போர்கள். அவ்வளவுதான்.

வரைந்தவர் கிளாட் மோனே. பிரெஞ்சு நாட்டு ஓவியர். 1840-ல் பிறந்து 1926-ல் மறைந்தவர்.

"போருக்கா இத்தனை பணம்?" என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். பணம் இருப்பவர்கள் எதற்கும் விலை கொடுப்பார்கள். அந்த விலையை வைத்து ஓவியத்தை எடை போட வேண்டியது இல்லை.

ஆனால், அந்தப் போரை மோனே எப்படிப் பார்த்தார் என்று தெரிந்துகொள்ளலாம். அதற்குக் காசு வேண்டாம். தெரிந்துகொண்டால், அடுத்த முறை மாலை வெயில் சுவரில் விழும்போது கண் சற்று நிற்கும். அந்த லாபம் ஏழைக்கும் உண்டு, பணக்காரருக்கும் உண்டு.

கேலிச்சித்திரப் பையன்

மோனே வளர்ந்த ஊர் ல ஹாவ்ர். அது ஒரு துறைமுகப் பட்டினம்.

சிறு வயதில் அவர் வரைந்தது கேலிச்சித்திரம். ஊர்ப் பெரிய மனிதர்களின் தலையைப் பெரிதாக்கி, மூக்கை நீட்டி வரைவார். அவற்றைக் காசுக்கும் விற்றார்.

அதே ஊரில் யூஜேன் பூதேன் என்று ஓர் ஓவியர் இருந்தார். கடற்கரையையும் வானத்தையும் வரைபவர். அவர் அந்தப் பையனை வெளியே அழைத்துப் போனார். திறந்த வெளியில் நின்று வரையச் சொல்லிக் கொடுத்தார். அதுவரை மனிதர்களின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்த கண், வானத்தைப் பார்க்கத் தொடங்கியது.

அந்தக் காலத்தில் பெரிய படங்களை வீட்டுக்குள்தான் முடிப்பார்கள். வெளியே போய்ச் சிறு மாதிரிகள் எடுத்து வருவார்கள். மிச்ச வேலை எல்லாம் அறைக்குள்.

அதற்குக் காரணம் உண்டு. எண்ணெயில் குழைத்த வர்ணத்தைப் பன்றியின் நீர்ப்பையில் அடைத்துக் கட்டி வைப்பார்கள். குத்தி எடுத்தால் மறுபடி சரியாக மூட முடியாது. வெளியூருக்கு எடுத்துப் போவது பெரிய தொல்லை.

1841-ல் அமெரிக்க ஓவியர் ஜான் ராண்ட் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தகரக் குழாயில் வர்ணத்தை அடைத்தார். இன்று பற்பசை வருகிறதே, அதே மாதிரிதான். பிதுக்கினால் வரும், மூடிவிட்டால் காயாது.

இந்தச் சின்னக் குழாய் செய்த காரியம் பெரிது. பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓவியர் வயலுக்கே போய்விட்டார். வெளிச்சத்தை ஞாபகத்தில் இருந்து வரைய வேண்டிய கட்டாயம் ஒழிந்தது.

கேலியே பெயர் ஆயிற்று

1872-ல் மோனே தம் ஊர்த் துறைமுகத்தை வரைந்தார். விடியும் நேரம். எங்கும் பனிமூட்டம். கப்பல்கள் சரியாகத் தெரியவில்லை. இரண்டு மூன்று படகுகள் மட்டும் நிழலாக மிதக்கின்றன. நடுவே ஒரு சின்ன ஆரஞ்சு நிறச் சூரியன். தண்ணீரில் அதன் சிவந்த கோடு.

1874-ல் பாரிஸ் நகரில் மோனேயும் அவர் நண்பர்களும் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அதில் இந்தப் படத்தையும் வைத்தார். "சூரிய உதயம் - ஒரு மனப்பதிவு" என்று பெயர் கொடுத்திருந்தார்.

பத்திரிகைக்காரர் லூயி லெரோய் இதைப் பார்த்தார். சுவரில் ஒட்டும் காகிதம்கூட இதைவிட மேல் என்று கேலி செய்து எழுதினார். இவர்கள் "மனப்பதிவுக்காரர்கள்" என்று கிண்டலும் செய்தார்.

அந்தக் கிண்டல் பெயரே நிலைத்துவிட்டது! உலகம் முழுவதும் அந்த ஓவியர் கூட்டத்துக்கு இன்றும் அதுதான் பெயர். ஆங்கிலத்தில் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்பார்கள்.

அந்தச் சூரியனில் ஓர் அதிசயம் இருக்கிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழக விஞ்ஞானி மார்கரெட் லிவிங்ஸ்டன் அதை எடுத்துக் காட்டினார். அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால், சூரியன் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது! காரணம், சுற்றிலும் உள்ள வானத்துக்கும் சூரியனுக்கும் பிரகாசம் ஏறக்குறைய ஒன்றுதான். நிறம் மட்டுமே வேறு.

கண்ணும் மூளையும் நிறத்தை ஒரு வழியில் பார்க்கின்றன. பிரகாசத்தை இன்னொரு வழியில் பார்க்கின்றன. ஒரு வழி "இதோ சூரியன்" என்கிறது. இன்னொரு வழி "அங்கே ஒன்றும் இல்லை" என்கிறது. அதனால்தான் அந்தச் சூரியன் நிலைகொள்ளாமல் துடிப்பது போல இருக்கிறது.

மோனேக்கு இந்த விஞ்ஞானம் தெரியாது. கண்ணால் பார்த்தார், கையால் வைத்தார். சூரியனைப் பளிச்சென்று வெள்ளையும் மஞ்சளுமாகப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சூரியன் கிடைத்திருக்கும். விடியற்காலை போயிருக்கும்!

பனிக்கட்டியில் ஒரு துக்கம்

வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு மனம் இருக்குமா? இது பலர் கேட்ட கேள்வி. மோனேயே தம்மைக் கேட்டுக்கொண்ட கேள்வியும் இதுதான்.

1879-ம் ஆண்டு. வெத்தேய் என்ற கிராமத்தில் குடும்பம் வறுமையில் கிடந்தது. மோனேயின் மனைவி கமீல் நீண்ட நாள் நோயாளி. இரண்டு பிள்ளைகள், இளையவனுக்கு ஒன்றரை வயது. செப்டம்பர் 5-ந் தேதி கமீல் இறந்துபோனார். வயது 32.

அன்றே மோனே ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். கமீலின் கழுத்துப் பதக்கம் அடகுக் கடையில் இருக்கிறது. அதை மீட்டு அனுப்ப முடியுமா, கடைசியாக ஒரு முறை கழுத்தில் போட்டு அனுப்ப வேண்டும் என்று கேட்டார். அந்த வீட்டின் நிலைமை அப்படி!

இறந்து கிடந்த மனைவியின் முகத்தை மோனே ஒரு படமாக வரைந்தார். அப்போது நடந்த ஒன்றைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு தம் நண்பர் கிளெமென்சோவிடம் சொன்னார். கிளெமென்சோ முதல் உலகப் போரின்போது பிரெஞ்சுப் பிரதமராக இருந்தவர்.

துக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, அந்த முகத்தில் நீலம் எங்கே, மஞ்சள் எங்கே, சாம்பல் நிறம் எங்கே என்று தம் கண் தானாகத் தேடியதாம். அதை உணர்ந்ததும் அவருக்கே திகில் உண்டாயிற்றாம்.

இதைக் கேட்டு அவரைக் கல்நெஞ்சர் என்று சொல்வது எளிது. ஆனால் அது சரி அல்ல.

சாவு வீட்டில் ஒரு தாய் அழுதுகொண்டே குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறாள். கை தன் வேலையைச் செய்கிறது. அதனால் அவள் துக்கம் பொய் ஆகிவிடுமா? மோனேயின் கண்ணும் அப்படித்தான். அது வேலை செய்து பழகிய கண்.

மனம் இருந்ததா என்பதற்கு அடுத்து வந்த குளிர்காலம் பதில் சொல்கிறது.

அந்த ஆண்டு கடுங்குளிர். செயின் நதியே உறைந்துபோயிற்று. 1880 ஜனவரியில் பனிக்கட்டி வெடித்து, துண்டு துண்டாக நதியில் மிதந்தது. மோனே அதைத் திரும்பத் திரும்ப வரைந்தார்.

சாம்பல் நிற வானம். வெளிறிய தண்ணீர். கரையில் இலை இல்லாத மரங்கள். உடைந்து மெல்ல நகர்ந்து போகும் வெள்ளைத் துண்டுகள். அழுகிற முகம் ஒன்றுகூட அங்கே இல்லை. வெளிச்சம் மட்டும் சோர்ந்து கிடக்கிறது. பார்க்கிறவர் நெஞ்சு கனக்கிறது.

முகத்தை வரைந்து துக்கம் காட்டலாம். அது தெரிந்த வழி. முகமே இல்லாமல், நதியின் மேல் விழும் வெளிச்சத்தைக் கொண்டு துக்கம் காட்டுவது பெரிய வித்தை. இயற்கைக் காட்சி ஓவியத்தின் வேலை இதுதான்.

ஒரே போர், 25 படங்கள்

1883-ல் மோனே ஜிவெர்னி என்ற கிராமத்துக்குக் குடி வந்தார். 1890-ல் அந்த வீட்டைச் சொந்தமாக வாங்கினார். அதே ஆண்டு, அறுவடைக்குப் பிறகு, வீட்டுக்குப் பக்கத்து வயலில் போர்கள் எழுந்தன.

இவற்றை வைக்கோல் போர் என்றே பலர் சொல்கிறார்கள். அது தவறு. மணி உதிர்க்காத கோதுமைத் தாள் கட்டுகளை அடுக்கி, மேலே கூரை போலக் கூம்பாக மூடிய போர் அது. 15 முதல் 20 அடி உயரம் இருக்கும். கதிர் அடிக்கும் இயந்திரம் ஊர் ஊராக வரும். அது வரும் வரையில் போர் வயலிலேயே காத்திருக்கும். அதாவது, ஒரு குடும்பத்தின் ஒரு வருட உழைப்பு பனியிலும் வெயிலிலும் நின்றுகொண்டிருக்கும்.

மோனே முதலில் இரண்டு படம் போதும் என்று நினைத்தார். வெயிலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று. வரையத் தொடங்கினார். சிறிது நேரத்தில் வெளிச்சம் மாறிவிட்டது! வீட்டில் வளர்ந்த பெண்ணை அனுப்பி வேறு துணி கொண்டுவரச் சொன்னார். மறுபடி மாறியது. இன்னொன்று! மறுபடியும் மாறியது. இன்னொன்று! பிற்காலத்தில் அவரே சொன்ன கதை இது.

இப்படி 1890 கோடை முடிவில் இருந்து 1891 வரை சுமார் 25 படங்கள். பல துணிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். எந்த வெளிச்சம் வருகிறதோ, அதற்கு உரிய துணியை எடுப்பார். அந்த வெளிச்சம் போனதும் கீழே வைத்துவிடுவார்.

மூன்று படங்களைப் பார்ப்போருக்கு வித்தியாசம் நன்றாக விளங்கும்.

பாரிஸ் நகரில் ஒரு படம் இருக்கிறது. கோடை முடியும் வேளை. பின்னால் மரங்கள் பச்சையாக நிற்கின்றன. போரின் மேல் இளஞ்சூடான வெயில். பார்த்தால் மனம் நிறைகிறது. வேலை முடிந்தது, இனிக் கவலை இல்லை என்பது போல.

அமெரிக்காவில் சிக்காகோ நகரில் இன்னொன்று. பனி விழுந்த, மேகம் மூடிய பகல். வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்றே தெரியவில்லை. போர் தனியாக நிற்கிறது. துணைக்கு யாரும் இல்லாத கிழவனார் மாதிரி.

பாஸ்டன் நகரில் மூன்றாவது. சூரியன் அஸ்தமிக்கிறது. வெளிச்சம் போருக்குப் பின்னால் இருந்து வருகிறது. போர் கருத்துச் சிவந்து, அதன் ஓரம் நெருப்புக் கோடு போல எரிகிறது. நாள் முடிவதில் உள்ள ஓர் ஆவேசம் அங்கே இருக்கிறது.

மூன்றிலும் பொருள் ஒன்றே. போர் சிரிக்கவில்லை; அழவில்லை. மாறியது வெளிச்சம் மட்டும்தான். அதோடு மனமும் மாறிவிட்டது!

1891 மே மாதம் பாரிஸில் இவற்றில் 15 படங்களை வரிசையாக வைத்தார்கள். சில நாட்களில் எல்லாம் விற்றுப்போயின.

1896-ல் மாஸ்கோ நகரில் ஒரு போர்ப் படம் காட்சிக்கு வைக்கப்பட்டது. காண்டின்ஸ்கி என்ற ரஷ்யர் அதைப் பார்த்தார். அவர் சட்டம் படித்தவர். அது போர் என்று அவருக்குப் புரியவில்லை. பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். ஆனால் அந்தப் படம் அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. பின்னால் அவரே உலகப் புகழ் பெற்ற ஓவியர் ஆனார். பொருள் புரியாமல் போனாலும், வெளிச்சம் அவரைப் பிடித்துக்கொண்டது!

நிழல் கறுப்பா?

"நிழல் என்ன நிறம்?" என்று கேட்டால் "கறுப்பு" என்று உடனே பதில் வரும். மோனே அப்படி நினைக்கவில்லை. அவர் நிழலை நீலமாக வரைந்தார், ஊதாவாகவும் வரைந்தார். அதற்காகவும் கேலி செய்தார்கள்.

ஆனால் அவர் கண் சொன்னதே சரி. திறந்த வெளியில், சூரிய ஒளி படாத இடத்திலும் வானத்தின் ஒளி படுகிறது. வானம் நீலம். அதனால் நிழலில் நீலம் கலக்கிறது. வெள்ளைப் பனியில் விழும் நிழலில் இது நன்றாகத் தெரியும்.

மாலையில் சூரியன் சாய்ந்ததும், அதன் ஒளி காற்றில் நீண்ட தூரம் கடந்து வர வேண்டியிருக்கிறது. வழியில் நீல ஒளி சிதறிப் போய்விடுகிறது. சிவப்பும் மஞ்சளும் மிஞ்சுகின்றன. ஆகவே வெயில் பட்ட பக்கம் ஆரஞ்சு. நிழல் பக்கம் நீலம்.

ஆரஞ்சும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். இதை விளக்கியவர் செவ்ரூல் என்ற பிரெஞ்சு ரசாயன நிபுணர். அவர் பாரிஸில் அரசாங்கத் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவர். "கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது" என்று புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் குற்றம் இல்லை. பக்கத்தில் நெய்த நூலின் நிறம்தான் கறுப்பை மங்கலாகக் காட்டியது! 1839-ல் இதைப் பெரிய புத்தகமாக எழுதினார்.

சேலை எடுக்கும் பெண்களுக்கு இது புத்தகம் படிக்காமலே தெரியும். ஒரே சிவப்பு பச்சைக் கரைக்குப் பக்கத்தில் எடுப்பாக இருக்கும். ஆரஞ்சுக் கரைக்குப் பக்கத்தில் அமுங்கிப் போகும்.

ஏழே நிமிடம்!

"நல்ல இடம் கிடைத்தால்தான் நல்ல படம் வரும்" என்று சிலர் சொல்கிறார்கள். பெரிய அருவி வேண்டும், பனிமலை வேண்டும் என்பார்கள். மோனேக்குப் பக்கத்து வயல் போதும் என்று ஆயிற்று. அவருக்கு வேண்டியது இடம் அல்ல, பொறுமை.

1891-ல் அவர் நதிக்கரையில் வரிசையாக நின்ற பாப்லர் மரங்களை வரைந்துகொண்டிருந்தார். மரங்கள் ஊருக்குச் சொந்தம். அவற்றை ஏலம் போட்டுவிட்டார்கள். வெட்டிவிட்டால் படம் என்ன ஆவது? மோனே மர வியாபாரியிடம் போனார். தம் கைப்பணத்தைக் கொடுத்தார். படங்கள் முடியும் வரை வெட்டாமல் இருக்க ஏற்பாடு செய்தார்!

அந்த மரப் படங்களில் ஒன்றுக்கு வேண்டிய வெளிச்சம் ஏழே நிமிடம்தான் நீடித்ததாம். ஒரு குறிப்பிட்ட இலையை விட்டு வெயில் விலகியதும் அன்றைய வேலை முடிந்தது. பக்கத்தில் குடியிருந்த அமெரிக்க ஓவியர் லில்லா கேபட் பெரி இதை எழுதி வைத்திருக்கிறார்.

"இதற்குக் கேமரா போதாதா?" என்று கேட்கலாம். போதாது. மோனே வயலில் தொடங்கிய படங்களை வீட்டுக்குள் வைத்துப் பல நாள் பார்த்தார், திருத்தினார், ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டார். வெளிச்சத்தைக் கண் வயலில் பிடித்தது. அதை மனம் வீட்டில் பதப்படுத்தியது. இரண்டும் சேர்ந்ததுதான் படம்.

கண் மங்கியபோது

வெளிச்சத்தையே நம்பி வாழ்ந்தவருக்கு வந்த சோதனை என்ன தெரியுமா? கண்புரை!

1912-ல் டாக்டர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். கண்ணின் வில்லை பழுத்துவிட்டால் நீல ஒளி உள்ளே போகாது. எல்லாம் மஞ்சளும் பழுப்புமாகத் தெரியும். மோனே வர்ணத்தைக் கண்ணால் நம்ப முடியாமல், குழாயின் மேல் எழுதியிருந்த பெயரையும் பழக்கத்தையும் நம்பி வரைந்தார். 1923 ஜனவரியில் வலது கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அப்போது அவருக்கு வயது 82. அதன் பிறகு எல்லாம் ஒரே நீலமாகத் தெரிகிறது என்று குறைபட்டார். ஆனாலும் வரைவதை விடவில்லை.

அப்போது அவர் செய்துகொண்டிருந்தது தம் தோட்டத்து அல்லிக்குளத்தின் மாபெரும் படங்கள். முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11-ந் தேதி நின்றது. மறுநாளே மோனே கிளெமென்சோவுக்குக் கடிதம் எழுதி, அந்தப் படங்களில் இரண்டை நாட்டுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். அது வளர்ந்து பெரிய கொடை ஆயிற்று. 1927-ல், அவர் இறந்த மறு ஆண்டு, பாரிஸில் ஒராஞ்செரி மண்டபத்தில் அவை திறந்து வைக்கப்பட்டன.

இரண்டு நீள்வட்ட அறைகள். சுவர் முழுக்கத் தண்ணீர், அல்லி, மேகத்தின் நிழல். மேலே கூரை வழியாக நிஜமான பகல் வெளிச்சம் இறங்குகிறது. வெளியே மேகம் மூடினால் படமும் மங்குகிறது. வெயில் வந்தால் படமும் மலர்கிறது. நாலு ஆண்டுப் போரில் லட்சக்கணக்கான பிள்ளைகளை இழந்த நாட்டுக்கு அவர் வெற்றித் தூண் கொடுக்கவில்லை. உட்கார்ந்து மூச்சு விட ஓர் இடம் கொடுத்தார்.

இருட்டை விரட்டாதீர்கள்!

இன்று எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. அதில் கேமரா இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அது ஒரு காரியம் செய்கிறது. இருண்ட இடத்தைத் தானே வெளுக்க வைக்கிறது. நிழலைத் தூக்கிவிடுகிறது. இரவையும் பகல் போலக் காட்டுகிறது.

எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. நேரம் மட்டும் தெரியவில்லை! ஆறு மணிக்கு எடுத்த படமும் பத்து மணிக்கு எடுத்த படமும் ஒரே மாதிரி பளபளக்கின்றன. கடைகளில் விற்கும் பல காலண்டர் படங்களும் இப்படித்தான். வானம் ஒரே நீலம். புல் ஒரே பச்சை. மூலையில் ஒரு சூரியன். ஆனால் அந்தச் சூரியனால் எந்த மரத்துக்கும் நிழல் இல்லை.

தெளிவு வேண்டியதுதான். டாக்டரின் எக்ஸ்ரே படத்துக்கு அது வேண்டும். வீட்டுப் பத்திரத்தின் நகலுக்கு வேண்டும். இயற்கைக் காட்சிக்குத் தெளிவு மட்டும் போதாது. மறைய வேண்டியது மறைந்தால்தான் தெரிய வேண்டியது தெரியும்.

வீட்டில் பிள்ளைகள் படம் வரைகிறார்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு வீடு, ஓர் ஆறு. வரையட்டும். யாரும் அவர்களைக் கண்டிக்க வேண்டாம். "இந்த வீட்டு நிழல் எந்தப் பக்கம் விழும்?" என்று மட்டும் ஒரு முறை கேளுங்கள். பிள்ளை வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரும். அன்றைக்குத்தான் அதன் ஓவியப் படிப்பு தொடங்கும்!

பெரியவர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. எந்த இயற்கைக் காட்சிப் படமானாலும் சரி, அதில் இருக்கும் சூரியனைக் கட்டை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு கேள்வி கேளுங்கள். "இங்கே இப்போது மணி என்ன? இங்கே நின்றால் மனம் எப்படி இருக்கும்?"

இரண்டுக்கும் படம் பதில் சொன்னால் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். பதில் சொல்லாவிட்டால், எத்தனை மலை இருந்தாலும் எத்தனை ஆறு ஓடினாலும், அது வெறும் தேசப்படம்தான்!